பத்து மைக்ரான் கோடு

மாட்டுத்தாவணி போகிற பஸ் ஒவ்வொன்றும்
இரண்டாம் மாடியிலிருக்கும் என் மேசையைத்
தொட்டுவிட்டுத்தான் போகிறது.
வெறும் கண்ணுக்குத் தெரியாது.
நானூறு மடங்கில் தெரியும்:
ஸ்லைடில் கிடப்பதெல்லாம்
ஒருமுறை சிலிர்த்து அடங்கும்.
அதனால் இரவில்தான் படமெடுப்பேன்,
ஒரு பஸ்ஸுக்கும் மறு பஸ்ஸுக்கும் நடுவே,
ஏ.சி.யை அணைத்துவிட்டு,
மூச்சை வேறு பக்கம் திருப்பிவைத்து.

உருளைக்கிழங்கு அகாரில் ஆறு நாள் வளர்ந்ததில்
ஊசி முனையால் ஒரு கிள்ளு.
பருத்தி நீலம் ஒரு சொட்டு.
மேலே கண்ணாடிச் சில்லு, குமிழி விழாமல்.

பதிவேட்டில் எண் 2217.
விருமாயி, 46, செல்லம்பட்டி. வலது கண்.
கதிரடிக்கையில் நெல்முனை பட்டது.
பத்து நாள் தாமதம்.
நடுவில் யாரோ தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள்.

நுண்திருகை இம்மி திருப்பினால்
மேலே இருப்பவை கரைந்துபோகும்,
கீழே இருப்பவை விளிம்பு கட்டும்.
எல்லாமும் ஒன்றாய்த் தெளிவதே கிடையாது.
இருபத்துமூன்று தளம், இருபத்துமூன்று படம்.
கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி
தெளிந்ததை மட்டும் ஒவ்வொன்றிலும் பொறுக்கி,
யாரும் எந்த நொடியிலும் பார்த்திராத ஒன்றை
நடந்ததாகச் சேமிக்கிறேன்.
பொய்யா என்றால் பொய்யில்லை.

விடிகாலை மூன்று மணிக்கு வந்தது அந்த நீலம்.
மூன்று தடுப்பு, நான்கு தடுப்பு போட்ட பிறைகள்,
நுனி லேசாக வளைந்து,
இழைகளின் மேல் கொத்துக் கொத்தாய்ச் சாய்ந்து.
அழகாக இருந்தது.
சொல்லக் கூசுகிறது.
அழகாகத்தான் இருந்தது.

ரெஹானா டாக்டர் சொன்னார்:
மூலையில் அளவுக்கோடு போடுங்க, பத்து மைக்ரான்.
கோடு இல்லாட்டி இது காலண்டர் படம்.
தல்லாகுளத்தில் கண்காட்சி நடத்துகிறவர் சொன்னார்:
அந்தக் கோட்டை எடுத்துருங்க சார்,
கண்ணை உறுத்துது.

இரண்டு கோப்பாக வைத்தேன்.
கோடு உள்ளது ஆஸ்பத்திரிக்கு.
கோடு இல்லாதது சட்டத்துக்குள்.
'நீலத் தோணிகள்' என்று பேர் வைத்தார்கள்.
மூன்றாம் பரிசு,
எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று.

அதற்கு அடுத்த வாரம்
வாசலில் நின்று விருமாயி கேட்டார்:
ஏப்பா, எங் கண்ணுல சொரண்டி எடுத்தாகளே,
அது என்னாச்சு?

காட்டினேன்.
இடது கண்ணைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்
நெடுநேரம் பார்த்தார்.
என்னப்பா, அருவா கணக்கா இருக்கு.

மண்ணுல இருக்கிறதும்மா.
பருத்தியை, கத்தரியை வாட வைக்கிறதும்
இதோட வகையறாதான்.

அட, வாடலா!
அந்த முகம் சட்டென்று
வரப்பில் நிற்கிற முகமானது.
அதுக்கு வேரோட புடுங்கித்
தீ வைக்கணும்லப்பா.

வலது கண்ணின் மேல் பச்சைத் துணி.
நான் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

மூலையில அது என்ன வெள்ளைக் கோடு?
அளவும்மா. ஒங்க தலைமுடித் தடிமனில்
ஏழெட்டில் ஒரு பங்கு இருக்கும்.

நெற்றியோரம் ஒரு முடியைப் பிடுங்கினார்.
திரையில் ஒட்டவைத்தாற்போல் பிடித்து
ஒற்றைக் கண்ணால் அளந்தார்.
பொய் சொல்ற.
கோடுதான் பெருசா இருக்கு.

பார்த்தேன். கோடுதான் பெரிசு.

அந்த முடி மேசையிலேயே கிடக்கிறது.
இன்றிரவு அதை எடுத்து
ஒரு சொட்டு நீரில் படுக்கவைத்தேன்.
அதே நானூறு மடங்கு.
பாதையில் குறுக்கே விழுந்த பனைமரம் போல
செதில் செதிலாக,
ஓரிடத்தில் கருப்பு தீர்ந்து
உள்ளே வெளிச்சம் ஓடுகிறது.

திருச்சி வண்டி ஒன்று போனது.
சிலிர்த்தது, அடங்கியது.
அடுத்த பஸ்ஸுக்குள் எடுத்துவிடலாம்.
பொத்தானில் விரல் இருக்கிறது.

அவரிடம் கேட்கவில்லை,
இதற்கும்,
முன்னதற்கும்.